விளக்கை வரைந்தவர் தெரியும், ஊதியவர் யார்?



பழம்பொருட்களை ஏலம் விடும் நிறுவனங்களின் விலைப்பட்டியல்களைப் படிப்பது என்னுடைய சமீபத்திய கிறுக்கு. வாங்குவதற்கு இல்லை, விலையைப் பார்த்தாலே தலை சுற்றும். சும்மா படம் பார்க்கத்தான். அதில் இத்தாலிய மேசை விளக்குகளுக்கென்று ஒரு பகுதி இருக்கும். 1950-களிலும் 60-களிலும் கையால், இன்னும் சரியாகச் சொன்னால் வாயால், ஊதிச் செய்த கண்ணாடி விளக்குகள். சில காளான் போல இருக்கும், சில முட்டை போல, சில கவிழ்த்து வைத்த குடம் போல. விளக்கைப் போட்டால் பல்பு கண்ணுக்கே தெரியாது. கண்ணாடி முழுவதும் நிலா மாதிரி ஒளிரும்.

ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் ஒரு குறிப்பு. வடிவமைத்தவர் இன்னார், தயாரித்த நிறுவனம் இன்னது, ஏறத்தாழ இந்த ஆண்டு. சிலவற்றில் "இன்னாருடையதாகக் கருதப்படுகிறது" என்று ஒரு நழுவல். ஏராளமான விளக்குகளுக்கு "முரானோ" என்ற ஊர்ப்பெயர் மட்டும்தான். நான் பார்த்த பட்டியல் எதிலும் "இதை ஊதியவர் இன்னார்" என்று ஒரு வரி இல்லை.

யோசித்துப் பாருங்கள். அந்த விளக்கின் வயிறு அந்த அளவுக்கு உப்பியிருப்பதற்குக் காரணம் ஒரு மனிதரின் மூச்சு. அவர் இன்னும் கொஞ்சம் ஊதியிருந்தால் அது வேறு விளக்கு. அப்படிப்பட்டவரின் பெயர் எப்படிக் காணாமல் போனது? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனதில் எழுநூறு வருடக் கதை ஒன்று அகப்பட்டது.

ஒரு தீவும் ஒரு தொழிலும்

வெனிஸ் நகருக்கு வடக்கே, படகில் சில நிமிடங்களில் போய்விடக்கூடிய தூரத்தில் இருக்கிறது முரானோ. 1291-ல் வெனிஸ் குடியரசு ஓர் ஆணை போட்டது: நகரத்துக்குள் இருக்கும் கண்ணாடி உலைகள் எல்லாம் அப்புறப்படுத்தப்பட வேண்டும். மரவீடுகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்ற ஊரில் இரவும் பகலும் எரியும் உலைகள் ஆபத்து என்பது ஒரு காரணம். தொழிலாளர்களை ஒரே இடத்தில் வைத்திருந்தால் தொழில் ரகசியத்தைக் காப்பது சுலபம் என்பது அரசாங்கத்துக்குக் கிடைத்த இன்னொரு லாபம். கண்ணாடிக்காரர்கள் அனுமதி இல்லாமல் குடியரசை விட்டு வெளியேறக் கூடாது என்றும் சட்டம் வந்தது.

பூட்டி வைத்தார்கள், ஆனால் கௌரவமாக வைத்தார்கள். 1605-ல் முரானோ குடும்பங்களின் பெயர்களைப் பதிவு செய்ய "பொன் ஏடு" ஒன்றே தொடங்கப்பட்டது. பதினைந்தாம் நூற்றாண்டின் நடுவில் பளிங்கு போன்ற நிறமற்ற கண்ணாடியை உருவாக்கிய ஆஞ்செலோ பரோவியேரின் பெயர் இன்றுவரை நிலைத்திருக்கிறது. ஆக, அந்தக் காலத்தில் செய்தவருக்குப் பெயர் இருந்தது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1797-ல் நெப்போலியனிடம் வெனிஸ் குடியரசு விழுந்தது. அதன்பின் தொழிற்குழுக்களும் கலைக்கப்பட்டன. பொஹீமியக் கண்ணாடியின் போட்டி வேறு. முரானோ உலைகள் ஒவ்வொன்றாக அணைந்தன. அதை மீட்டெடுத்தவர்களில் முக்கியமானவர் அந்தோனியோ சால்வியாத்தி. 1859-ல் நிறுவனம் தொடங்கி, மொசைக்கிலும் பிறகு ஊதிய கண்ணாடியிலும் ஐரோப்பா முழுவதும் பெயர் வாங்கினார். சுவாரசியம் என்னவென்றால் இவர் கண்ணாடிக்காரர் இல்லை, வக்கீல்!

இரண்டாவது வக்கீல்

முரானோவின் அதிர்ஷ்டம் வக்கீல்கள் கையில்தான் இருந்தது போலும். 1921-ல் இன்னொரு வக்கீல் வந்தார். மிலானைச் சேர்ந்த பாவ்லோ வெனினி. ஜாக்கமோ கப்பெல்லின் என்ற வெனிஸ் பழம்பொருள் வியாபாரியுடன் சேர்ந்து ஒரு பட்டறையைத் தொடங்கினார்.

அப்போது முரானோவில் செய்ததெல்லாம் பூ, பாம்பு, டிராகன் என்று அலங்காரம் வழிந்த சாமான்கள். வெனினியும் கப்பெல்லினும் வித்தோரியோ செக்கின் என்ற முரானோ ஓவியரை வைத்துக்கொண்டு நேர் எதிராகப் போனார்கள். மெல்லிய, ஒற்றை நிற, அலங்காரமே இல்லாத ஜாடிகள். அதில் புகழ்பெற்ற ஒன்று பதினாறாம் நூற்றாண்டு ஓவியர் வெரோனேசெயின் ஓவியம் ஒன்றில் இருந்த ஜாடியைப் பார்த்துச் செய்தது. அதன் பெயரே "வெரோனேசெ".

1925-ல் கூட்டாளிகள் பிரிந்தார்கள். ஆனால் அவர்கள் தொடங்கி வைத்த வழக்கம் நின்றுவிட்டது: வெளியிலிருந்து ஒரு கலைஞர் வரைவார், முரானோ ஆசான் ஊதுவார். வெனினியிடம் சிற்பி நப்போலியோனே மார்த்தினூட்சி வந்தார். அவருக்குப் பிறகு கட்டடக் கலைஞர் கார்லோ ஸ்கார்ப்பா 1947 வரை இருந்தார். போருக்குப் பிறகு ஃபுல்வியோ பியான்கோனி, ஜியோ பொன்தி என்று வரிசை நீண்டது.

இந்த வழக்கம்தான் முரானோவை இருபதாம் நூற்றாண்டுக்குக் கொண்டு வந்தது. ஊதியவரின் பெயர் மறையத் தொடங்கியதும் இங்கேதான்.

ஒரு விளக்கு பிறக்கும் விதம்

பெயர் ஏன் முக்கியம் என்று புரிய வேண்டுமானால் வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

மணல், சோடா, சுண்ணாம்பு ஆகியவற்றை உலையில் 1400 டிகிரி செல்சியஸ் அளவில் இரவெல்லாம் உருக்குகிறார்கள். காலையில் அது கெட்டித் தேன் போல இருக்கும். ஒரு நீண்ட இரும்புக் குழாயின் நுனியில் அதைச் சுற்றி எடுத்து, மறுமுனையில் ஊதினால் குமிழி. குழாயைச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும், நிறுத்தினால் கண்ணாடி ஒரு பக்கம் தொங்கிவிடும். ஆறினால் திரும்ப உலைவாயில் காட்ட வேண்டும்.

இது தனி ஆள் வேலை இல்லை. நடுவில் ஒரு பெஞ்சில் ஆசான் உட்கார்ந்திருப்பார். அவருக்கு முதல் உதவியாள், இரண்டாம் உதவியாள், எடுபிடிப் பையன் என்று ஒரு குழு. சின்ன வயதிலேயே எடுபிடியாகச் சேர்ந்து, பல வருடம் கழித்துத்தான் ஆசான் ஆக முடியும். வேலை நடக்கும்போது பேச்சு குறைவு. ஆசான் கை நீட்டும்போது இடுக்கி அங்கே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மேசை விளக்கு என்றால் ஜாடியைவிடக் கஷ்டம். பல்பு கண்ணைக் குத்தக் கூடாது, ஆனால் வெளிச்சமும் குறையக் கூடாது. அதற்காகப் பால்வெள்ளைக் கண்ணாடியை உள்ளே வைத்து, அதன்மேல் நிறமற்ற கண்ணாடியையோ வண்ணக் கண்ணாடியையோ போர்த்துவார்கள். இந்த முறைக்கு இத்தாலிய மொழியில் உள்ள பெயருக்கு "சட்டை போட்டது" என்று அர்த்தம். எவ்வளவு அழகான பெயர்! இரண்டு கண்ணாடிகளும் ஆறும்போது ஒரே அளவில் சுருங்க வேண்டும். இல்லாவிட்டால் சட்டை உடம்போடு சேர்ந்து வெடித்துவிடும்.

அடுத்தது துவாரம். வயர் போக ஒரு வழி, ஹோல்டர் உட்கார ஒரு வாய். ஹோல்டரும் பித்தளை வளையமும் எல்லா விளக்குக்கும் ஒரே அளவு. ஊதிய கண்ணாடியோ ஒன்றைப் போல் ஒன்று இருக்காது. சுதந்திரமாக ஊதிக்கொண்டிருந்த கை, விளக்கின் கழுத்தில் வரும்போது மட்டும் அளவுக்குக் கட்டுப்பட வேண்டும். அச்சுக்குள் ஊதினாலும் கடைசி நிதானம் ஆசானிடம்தான்.

முடிந்ததும் வேறோர் அடுப்பில் வைத்து மணிக்கணக்கில் மெதுவாக ஆற்றுவார்கள். அவசரப்பட்டால் உள்ளே இறுக்கம் தங்கி, என்றாவது ஒருநாள் யாரும் தொடாமலே விரிசல் விடும்.

மூன்று விளக்குகள்

முதலாவது "ஃபொந்தானா". மிலானில் ஜியோ பொன்தியும் லூயிஜி ஃபொந்தானாவும் 1932-ல் தொடங்கிய ஃபொந்தானா ஆர்த்தே நிறுவனத்துக்கு 1954-ல் கலை இயக்குநராக வந்தவர் மக்ஸ் ஆங்க்ரான். பிரெஞ்சுக்காரர், தேவாலயங்களுக்கு வண்ணக் கண்ணாடிச் சன்னல் செய்தவர். அதே ஆண்டில் அவர் வரைந்த விளக்கு இது. மேலே கூம்பு வடிவ மூடி, கீழே ஜாடி போன்ற உடல், இரண்டுமே மங்கலாக்கிய வெள்ளைக் கண்ணாடி. விசேஷம் என்னவென்றால் அடிப்பாகமும் எரியும். வழக்கமாக விளக்கின் அடிப்பாகம் என்றால் மூடியைத் தூக்கிப் பிடிக்கும் தண்டுதான். இதில் தண்டே விளக்கு. எழுபது ஆண்டு கடந்தும் தயாரிப்பில் இருக்கிறது.

இரண்டாவது வெனினிக்காக மாசிமோ விஞ்ஞெல்லி 1950-களின் நடுவில் வரைந்த "ஃபுங்கோ". பெயருக்குக் காளான் என்று பொருள், உருவமும் அதுதான். வெள்ளைக் கண்ணாடியில் அகலமான வண்ணப் பட்டைகள். வரைந்தபோது அவருக்கு இருபத்துச் சொச்சம் வயது. பிற்பாடு அமெரிக்கா போய் 1972-ல் வெளிவந்த நியூயார்க் சுரங்க ரயில் வரைபடத்தைச் செய்தவர் இவரேதான்! அந்த வரைபடத்திலும் வண்ணப் பட்டைகள்தான் என்பது என் சொந்தக் கண்டுபிடிப்பு :-)

மூன்றாவது "லெஸ்போ". கட்டடக் கலைஞர் ஆஞ்செலோ மஞ்ஜாரோத்தி 1966-67 வாக்கில் ஆர்த்தெமிதே நிறுவனத்துக்காக வரைந்தது. இதுவும் காளான் போலத்தான், ஆனால் தலையும் தண்டும் ஒரே கண்ணாடி. ஒரு இடத்தில் பால்வெள்ளையாக இருக்கும் கண்ணாடி போகப் போகத் தெளிந்து நிறமற்றதாகிவிடும். எங்கே வெள்ளை முடிந்தது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது.

மூன்று விளக்குக்கும் வரைந்தவர் பெயர் எனக்குத் தெரிந்துவிட்டது. முதன்முதலாக ஊதிக் காட்டியவர் பெயர் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

பெயர் எங்கே தொலைந்தது?

ஒரு காரணம், கண்ணாடியில் கையெழுத்துப் போடும் வழக்கமே குறைவு. வெனினி நிறுவனம் அடிப்பாகத்தில் "வெனினி முரானோ இத்தாலியா" என்று அமில முத்திரை வைத்தது. பல பட்டறைகள் சின்னதாக ஒரு காகித லேபிள் ஒட்டியதோடு சரி. முதல் தடவை ஈரத்துணியால் துடைக்கும்போதே அது போய்விடும். அந்த நொடியில் விளக்கு அநாதை.

இரண்டாவது காரணம் ஏற்றுமதி. 1950-ல் நியூயார்க்கின் புரூக்ளின் அருங்காட்சியகத்தில் போருக்குப் பிந்தைய இத்தாலியக் கைவினைக்கென்று ஒரு பெரிய கண்காட்சி தொடங்கி, அமெரிக்காவின் பல நகரங்களைச் சுற்றி வந்தது. இத்தாலியப் பொருட்கள் மேல் அங்கே மோகம் பிறந்தது. முரானோவிலிருந்து வெறும் கண்ணாடி உடல் மட்டும் கப்பலேறும். அமெரிக்காவில் வயர் போட்டு, துணி மூடி மாட்டி, இறக்குமதி செய்த கம்பெனியின் லேபிளோடு கடைக்குப் போகும். ஊதியவர் பெயர் முரானோ பட்டறையிலேயே தங்கிவிட்டது, பட்டறையின் பெயர் கடலைத் தாண்டவில்லை.

மூன்றாவது, ஆவணங்கள் அழிந்தது. வெனினியின் பழைய படைப்புகள் இருந்த அருங்காட்சியகம் 1972-ல் தீ விபத்தில் போனது. நெருப்பால் வாழ்ந்த தொழிலின் நினைவை நெருப்பே தின்றுவிட்டது.

எல்லாவற்றுக்கும் மேலான காரணம் நம் பழக்கம்தான். யோசித்தவர் கலைஞர், செய்தவர் தொழிலாளி என்று பிரித்துவிடுகிறோம். வெனினி உலையில் பியான்கோனி போன்றவர்களின் படங்களைக் கண்ணாடியாக்கிய ஆசான் ஆர்துரோ பியாசுத்தோ. "போபொலி" என்பது பட்டப்பெயர். ஆராய்ச்சி நூல்களில் தேடினால் அவர் பெயர் வருகிறது. விலைப்பட்டியலில் வருவதில்லை.

தன் பெயரைத் தானே காத்தவர்கள்

சில ஆசான்கள் விட்டுக்கொடுக்கவில்லை. ஆல்ஃபிரெதோ பார்பீனி (1912-2007) பல பட்டறைகளில் வேலை செய்து, 1950-ல் சொந்தமாக ஆரம்பித்தார். ஆர்க்கிமேதே செகூசோ (1909-1999) 1946-ல் சொந்த நிறுவனம் தொடங்கினார். இருவரும் தாங்களே வரைந்து தாங்களே செய்தவர்கள். அதனால் பெயர் நின்றது.

செகூசோவைப் பற்றி ஒரு சம்பவம். 1996 ஜனவரி 29 இரவு வெனிஸின் புகழ்பெற்ற லா ஃபெனீச்சே நாடக அரங்கம் தீப்பிடித்து எரிந்தது. பக்கத்திலேயே இருந்தது செகூசோவின் வீடு. 86 வயதுக் கிழவர் சன்னலில் நின்று அந்த நெருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் பட்டறைக்குப் போனவர், தான் பார்த்த தீயையும் புகையையும் கண்ணாடியில் கொண்டு வரத் தொடங்கினார். அந்த வரிசையில் நூற்றுக்கும் மேற்பட்ட ஜாடிகள் செய்தார். யாரும் வரைந்து கொடுக்கவில்லை. கண்ணில் இருந்தது கைக்கு வந்தது, அவ்வளவுதான்.

இதைப் படித்த பிறகு "ஊதுபவர் வெறும் கை" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பிளாஸ்டிக், எண்ணெய், போலி

1967-ல் ஆர்த்தெமிதே நிறுவனமே "நெஸ்ஸோ" என்ற மேசை விளக்கைச் சந்தைக்குக் கொண்டு வந்தது. அதுவும் காளான் உருவம். ஆனால் பிளாஸ்டிக். அச்சில் போட்டு எடுத்தால் ஒன்றைப் போலவே ஆயிரம். ஆசான் வேண்டாம், குழு வேண்டாம், மூச்சு வேண்டாம். பிறகு 1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்து எரிபொருள் விலை ஏறியது. கண்ணாடி உலையை நினைத்தபோது அணைத்து நினைத்தபோது ஏற்ற முடியாது. எரிந்துகொண்டே இருக்க வேண்டும். இதே வலி 2021-ல் திரும்ப வந்தது. எரிவாயு விலை பல மடங்கு ஏறியதில் முரானோவில் பல உலைகள் அணைக்கப்பட்டன.

நடுவில் போலிகள். எங்கோ செய்த கண்ணாடி "முரானோ" என்ற பெயரில் வெனிஸ் கடைகளிலேயே விற்கத் தொடங்கியது. 1994-ல் வெனெத்தோ மாநில அரசு, தீவில் செய்த கண்ணாடிக்கு மட்டும் தனி வணிக முத்திரையைச் சட்டப்படி உருவாக்கியது. ஊர்ப்பெயருக்குப் பாதுகாப்பு கிடைத்தது. நல்லதுதான். ஆனால் அந்த முத்திரையும் ஊரைத்தான் சொல்கிறது, ஆளைச் சொல்வதில்லை.

கடைசியாக

வரைந்தவர்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. வெனினி போன்ற வக்கீலும் ஸ்கார்ப்பா போன்ற கட்டடக் கலைஞரும் வராமல் இருந்திருந்தால், அந்த ஆசான்கள் சுற்றுலாப் பயணிகளுக்குக் கண்ணாடிக் குதிரை செய்துகொண்டே காலத்தைக் கழித்திருப்பார்கள். ஃபொந்தானா விளக்கின் தண்டை எரிய வைக்கலாம் என்று யோசித்தது ஆங்க்ரான்தான். அந்தப் பெருமை அவருக்கே.

ஆனால் சினிமாவில் இயக்குநர் பெயரைப் போடுகிறோம் என்பதற்காக ஒளிப்பதிவாளர் பெயரை நீக்குவதில்லையே. விளக்குக்கு மட்டும் ஏன் ஒரே பெயர்? இன்று உலைகள் அணையும்போது முதலில் போவது அந்தப் பெயரில்லாதவர்தான். வரைபடம் காகிதத்தில் பத்திரமாக இருக்கும். மூச்சை எங்கே சேமித்து வைப்பது? எடுபிடிப் பையன் பல வருடம் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டால்தான் உண்டு. தன் பெயர் எங்கேயும் வராத தொழிலுக்கு எந்தப் பையன் ஆசையாக வருவான்?

எப்போதாவது ஒரு கண்ணாடி விளக்கு உங்கள் கைக்கு வந்தால், அடியைத் திருப்பிப் பாருங்கள். லேபிள் இல்லாமல் இருக்கலாம். நடுவில் ஒரு சின்ன வட்டத் தழும்பு இருந்தால், அது பிடித்திருந்த இரும்புக் கம்பியிலிருந்து கண்ணாடியைத் தட்டிப் பிரித்த இடம். சில சமயம் அதைத் தேய்த்து வழுவழுப்பாக்கியிருப்பார்கள். சுவருக்குள் ஊசிமுனை அளவில் ஒரு காற்றுக்குமிழி மாட்டியிருந்தாலும் இருக்கும்.

கையெழுத்துப் போடாதவர் விட்டுப்போன அடையாளம் அதுதான்.